ஓட்டத் தெரிவது வேறு, ஓதிக் கொடுப்பது வேறு: விமானப் பயிற்றுநர் பயிற்சி பற்றி நம் பிள்ளைகளுக்கு

(மேல்பட்டாம்பாக்கத்தில் நடந்த கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் கல்விக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)





இந்த மேடையில் வழக்கமாக நர்சிங், பாலிடெக்னிக், ஆசிரியர் பயிற்சி, அரசுத் தேர்வு என்றுதான் பேசுவோம். இன்றைய நோட்டீஸில் "விமானப் பயிற்றுநர் பயிற்சி" என்று பார்த்ததும் சிலர் சிரித்திருப்பீர்கள். "நம்ம ஸ்டேஷனில் ரயில் நிற்பதே பெரிய காரியம், இதில் விமானமா?" என்று ஒரு பெரியவர் எங்களிடமே கேட்டார். நியாயமான கேள்விதான். எங்களுக்கும் இது புதிய விஷயம். ஒரு மனு வந்ததால்தான் இதைத் தெரிந்துகொள்ளும்படி ஆயிற்று.

சென்ற ஆண்டு நம் பகுதியைச் சேர்ந்த ஒரு தம்பி கல்விக் குழுவுக்கு வந்தார். பெயர் வேண்டாம். விமானி உரிமம் வாங்கி ஒன்றரை வருடம் ஆகியும் வேலை வரவில்லை. அவருடைய அத்தா முந்திரித் தோப்பை விற்று, போதாததற்கு வங்கியில் கடனும் வாங்கிப் படிக்க வைத்திருந்தார். வட்டி ஓடிக்கொண்டிருந்தது. "பயிற்றுநர் பயிற்சி முடித்தால் ஏதாவது ஒரு பயிற்சிப் பள்ளியில் வேலை கிடைக்கும், பறந்த மணிக்கணக்கும் கூடும். அதற்கு மட்டும் உதவுங்கள்" என்று கேட்டார்.

குழுவில் பெரிய வாக்குவாதம். "அந்தப் பணத்தில் எத்தனை பிள்ளைகளுக்குப் பாலிடெக்னிக் கட்டணம் கட்டலாம்?" என்றார் ஒருவர். "நட்டாற்றில் நிற்கிற பிள்ளையை அப்படியே விட்டுவிடுவதா?" என்றார் இன்னொருவர். இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. அதனால் முடிவு சொல்வதற்கு முன் விசாரித்துத் தெரிந்துகொள்வோம் என்று தீர்மானித்தோம். அப்படிக் கேட்டும் படித்தும் அறிந்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

உரிமத்தின் மேல் இன்னொரு தகுதி

முதலில் ஒரு தெளிவு. பிளஸ் டூ முடித்த பிள்ளை நேராகப் பயிற்றுநர் ஆகிவிட முடியாது. நம் நாட்டில் விமானிகளுக்கு உரிமம் கொடுப்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். டி.ஜி.சி.ஏ. என்று சொல்வார்கள். வணிக விமானி உரிமம் வாங்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் வகுப்பு மருத்துவத் தகுதி வேண்டும், டி.ஜி.சி.ஏ. தாள்களில் தேற வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு நாற்பது லட்சத்தைத் தாண்டுவது இன்று சாதாரணம்.

இந்த உரிமம் கையில் இருப்பவருக்குத்தான் பயிற்றுநர் தகுதி. அதிலும் இரண்டு படி உண்டு. முதல் படி உதவிப் பயிற்றுநர். இவர் மூத்த பயிற்றுநரின் மேற்பார்வையில்தான் கற்றுக்கொடுப்பார். மாணவரை முதன்முதலாகத் தனியாகப் பறக்க அனுமதிக்கும் அதிகாரம் இவருக்குக் கிடையாது. அனுபவம் சேர்ந்து, மறுபடியும் தேர்வெழுதித் தேறிய பிறகுதான் முழுப் பயிற்றுநர். ஆகவே "ஒரு கோர்ஸ் முடித்தால் போதும்" என்று யாராவது சொன்னால், எந்தப் படியைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

வலப்பக்க இருக்கை

பயிற்சி தொடங்கிய முதல் நாளே ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. செஸ்னா 172 போன்ற சிறிய பயிற்சி விமானத்தில் மாணவர் இடப்பக்கம் உட்காருவார், பயிற்றுநர் வலப்பக்கம். 200 மணி நேரம் இடப்பக்கம் உட்கார்ந்து பழகியவர் இப்போது வலப்பக்கம் மாற வேண்டும். இதுவரை இடக்கை விமானத்தைத் திருப்பியது, வலக்கை எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தது. இனி இரண்டும் தலைகீழ். கடிகாரம் போன்ற கருவிகளெல்லாம் இடப்பக்கத்தாருக்கு வசதியாக வைக்கப்பட்டவை. வலப்பக்கத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் முள் சற்றுத் தள்ளி நிற்பது போலத் தெரியும். இறங்கும்போது ஓடுதளத்தின் நடுக்கோடும் வேறு இடத்தில் இருப்பது போலத் தோன்றும்.

நன்றாக இறக்கத் தெரிந்தவரே இங்கே வந்து தடுமாறுவார். எங்களிடம் பேசிய பயிற்றுநர் ஒருவர் சொன்னார்: "அந்த முதல் வாரம் வெட்கமாக இருக்கும். ஆனால் ஒன்றும் தெரியாத மாணவனின் நிலை எப்படி என்று நமக்கு ஞாபகப்படுத்துவதும் அந்த வாரம்தான்."

வாயும் கையும் சேர்ந்து

அடுத்தது பேச்சு. பயிற்றுநர் விமானத்தை ஓட்டிக்கொண்டே, தான் செய்வதைச் செய்யும் அதே நொடியில் வாயால் சொல்ல வேண்டும். கை முன்னே போய் வாய் பின்னே வந்தால் மாணவருக்கு ஒன்றும் புரியாது. சொல்லும் வார்த்தையும் சுருக்கமாக இருக்க வேண்டும். எஞ்சின் இரைச்சல், ரேடியோவில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல், மாணவரின் பயம் ஆகிய மூன்றையும் தாண்டி அந்த வார்த்தை போய்ச் சேர வேண்டும்.

இதற்காகப் பயிற்சியின் பெரும்பகுதி தரையிலேயே நடக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் திட்டம் எழுத வேண்டும். கரும்பலகை முன் நின்று பாடம் எடுக்க வேண்டும். மாணவராக உட்கார்ந்திருப்பது மூத்த பயிற்றுநர். அவர் வேண்டுமென்றே அடிப்படைக் கேள்விகளாகக் கேட்பார். உதாரணத்துக்கு, "ஸ்டால் என்றால் என்ன?" என்பார். எஞ்சின் நின்றுபோவது என்று வெளியே பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மூக்கை அளவுக்கு மீறித் தூக்கும்போது இறக்கையின் மேல் காற்று ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடும், விமானத்தைத் தாங்கும் விசை சட்டென்று குறையும். எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கலாம். இதை பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி, பயமுறுத்தாமல், ஆனால் விளையாட்டாகவும் எடுத்துக்கொள்ளாதபடி சொல்ல வேண்டும். தனக்குத் தெரியும் என்று நினைத்த பாடம் தனக்கே சரியாகத் தெரியவில்லை என்பதைப் பலர் இங்கேதான் கண்டுகொள்கிறார்கள்.

நம் பகுதி வெயில் உங்களுக்குத் தெரியும். மே மாத மதியம் காற்று சூடாகி அடர்த்தி குறையும். அப்போது இறக்கைக்குத் தாங்கும் சக்தியும் குறையும், எஞ்சினுக்கு வலுவும் குறையும். காலையில் எழும்பிய அதே விமானத்துக்கு மதியம் கூடுதல் ஓடுதளம் தேவைப்படும். இதையெல்லாம் கணக்குப் போட்டுக் காட்டத் தெரிந்தவர்தான் பயிற்றுநர். ஆகவே பிள்ளைகளே, பிளஸ் டூ இயற்பியலும் கணக்கும் மார்க்குக்காக மட்டும் படிப்பதல்ல.

எப்போது கை வைப்பது?

இந்தப் பயிற்சியிலேயே மிகக் கடினமான பகுதி இதுதான்.

மதரஸாவில் ஓதும் பிள்ளை ஓரிடத்தில் தடுமாறினால் நல்ல உஸ்தாத் என்ன செய்வார்? உடனே எடுத்துக் கொடுக்க மாட்டார். ஒரு மூச்சு பொறுப்பார். பிள்ளை தானாகத் திருத்திக்கொண்டால் அது நெஞ்சில் நிற்கும். ஒவ்வொரு முறையும் எடுத்துக் கொடுத்தால் பிள்ளை உஸ்தாதின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். விமானத்திலும் அப்படித்தான். மாணவர் தவறு செய்ய இடம் கொடுக்க வேண்டும். ஆனால் ஓதும் பாயில் தவறினால் திரும்ப ஓதலாம். தரையிலிருந்து 200 அடி உயரத்தில், இறங்குவதற்கு முந்தைய கடைசித் திருப்பத்தில் வேகத்தை விட்டுவிட்டால் திருத்திக்கொள்ள உயரமும் இருக்காது, நேரமும் இருக்காது.

சீக்கிரம் கை வைத்தால் மாணவர் கற்கமாட்டார். தாமதமாகக் கை வைத்தால் இருவருக்கும் ஆபத்து. அந்த இடைவெளி எவ்வளவு என்பதை எந்தப் புத்தகமும் அளந்து கொடுக்காது. மூத்தவரோடு பறந்து பறந்துதான் வரும். அதனால்தான் கட்டுப்பாட்டைக் கைமாற்றுவதற்கு வாய்விட்டுச் சொல்லும் கண்டிப்பான முறை வைத்திருக்கிறார்கள். ஒருவர் "கட்டுப்பாடு என்னிடம்" என்பார், மற்றவர் அதை ஒப்புக்கொண்டு கையை எடுப்பார். விமானத்தை யார் ஓட்டுகிறார் என்பதில் ஒரு நொடிகூடச் சந்தேகம் இருக்கக் கூடாது. பயிற்றுநர் தேர்விலும் பல தேர்வாளர்கள் மாணவர் போல நடித்து வேண்டுமென்றே தவறு செய்வார்கள். இவர் எப்போது பேசுகிறார், எப்போது கை வைக்கிறார் என்று பார்ப்பார்கள்.

பிறகு ஒரு நாள் வரும். பயிற்றுநர் விமானத்திலிருந்து இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, "நீயே ஒரு சுற்று போய் வா" என்பார். மாணவர் முதன்முறையாகத் தனியே பறக்கும் அந்தச் சில நிமிடங்களில் பயிற்றுநரால் ஒன்றும் செய்ய முடியாது. தரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தப் பிள்ளையின் உயிர், அவனை அனுப்பிவிட்டு வீட்டில் துஆ செய்துகொண்டிருக்கும் தாயின் நம்பிக்கை இரண்டும் அவருடைய கையெழுத்தில் இருக்கிறது. இதற்கு நம்மிடம் ஒரு சொல் உண்டு: அமானிதம். பயிற்றுநர் பயிற்சிக்குப் போகிற பிள்ளை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய சொல் அதுதான்.

பிழைப்பு எப்படி?

இப்போது பெற்றோர்கள் கேட்க நினைக்கும் கேள்விக்கு வருகிறோம்.

அமெரிக்காவில் 2013 முதல், பயணிகள் விமானத்தில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதனால் அங்கே இளம் விமானிகள் பலர் சில காலம் பயிற்றுநராக வேலை செய்துதான் மேலே போகிறார்கள். நம் நாட்டில் 200 மணி நேர உரிமத்தோடு, குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சியும் முடித்தால் துணை விமானியாகச் சேர வழி இருக்கிறது. ஆகவே இங்கே பயிற்றுநர் வேலையை, வேலை கிடைக்காதவர் தங்கிப் போகும் சத்திரம் போலப் பலர் நினைக்கிறார்கள். மனம் இல்லாமல் வருகிறார்கள், அழைப்பு வந்ததும் போய்விடுகிறார்கள். நஷ்டம் மாணவருக்கு. பாதிப் பயிற்சியில் ஆசிரியர் மாறினால் பணமும் போகும், பழகியதும் குழம்பும்.

சம்பளம் இடத்துக்கு இடம் மாறும். மாதச் சம்பளமா, பறந்த மணிக்குக் கூலியா என்று முதலிலேயே கேளுங்கள். மணிக்கூலி என்றால் மழை மாதங்களில் வருமானம் குறையும். வடகிழக்குப் பருவமழையில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை இவை. பள்ளி டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் பெற்றதா? பயிற்றுநர்களை உருவாக்கவும் அதற்கு அனுமதி உண்டா? எத்தனை விமானம் இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள், இன்று எத்தனை பறக்கும் நிலையில் இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். அங்கே படிக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். "வேலைக்கு உத்தரவாதம்" என்று வாயால் சொல்பவரிடம் அதையும் எழுதிக் கேளுங்கள். மருத்துவத் தகுதியை எல்லாவற்றுக்கும் முன்பே பரிசோதித்துக்கொள்ளுங்கள். நிறக்குருடு இருப்பது தோப்பை விற்ற பிறகு தெரிந்து என்ன பயன்?

இதெல்லாம் எங்கோ தூரத்து விஷயமும் அல்ல. நெய்வேலியில் விமான தளம் இருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் கிடக்கிறது. பயிற்சிப் பள்ளிகளுக்காக விமான நிலைய ஆணையம் தேர்ந்தெடுத்த இடங்களில் நம் சேலமும் ஒன்று. வாய்ப்பு நெருங்கி வரும்போது ஏமாற்றுபவர்களும் நெருங்கி வருவார்கள். அதனால்தான் இவ்வளவு சொல்கிறோம்.

ஒரு சமூகத்துக்கு ஓர் ஆசிரியர்

ஹைதராபாத்தில் பேக்கரித் தொழிலாளி ஒருவரின் மகள் சையதா சல்வா ஃபாத்திமா. விமானி ஆக வேண்டும் என்று அவர் சொன்னபோது கைகொடுத்தவர் 'சியாசத்' உருதுப் பத்திரிகையின் ஆசிரியர் ஜாஹித் அலி கான். அந்தப் பெண் ஆந்திரப் பிரதேச விமானப் பயிற்சி நிலையத்தில் படித்து உரிமம் வாங்கினார். மேற்பயிற்சிக்குப் பின்னர் தெலங்கானா அரசும் உதவியது. சமுதாயம் கைகொடுத்தால் ஏழை வீட்டுப் பிள்ளையும் பறக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

இன்னொரு கதை அமெரிக்காவிலிருந்து. சார்லஸ் ஆல்ஃபிரட் ஆண்டர்சன் என்ற கறுப்பின இளைஞர் பறக்க ஆசைப்பட்டார். கறுப்பர் என்பதால் எந்தப் பள்ளியும் சேர்க்கவில்லை. சொந்தக்காரர்களிடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கிப் பழைய விமானம் ஒன்றையே வாங்கிவிட்டார். பெரும்பகுதி தானே கற்று 1929-ல் உரிமம் பெற்றார். அதற்கு மேல் கற்றுக்கொடுக்க முன்வந்தவர் ஜெர்மனியிலிருந்து குடியேறிய எர்ன்ஸ்ட் பியூல் என்ற விமானி. பிறகு ஆண்டர்சன் என்ன செய்தார் என்பதுதான் நமக்குப் பாடம். 1940-ல் டஸ்கீகி என்ற ஊரின் கறுப்பர் கல்லூரியில் தலைமைப் பயிற்றுநராகச் சேர்ந்தார். 1941-ல் அங்கே வந்த அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்டை விமானத்தில் ஏற்றிச் சுற்றிக் காட்டினார். கறுப்பர்களால் பறக்க முடியாது என்று சொன்ன நாட்டில், இரண்டாம் உலகப் போரில் பேர் வாங்கிய கறுப்பின விமானிகள் அந்த ஊரிலிருந்துதான் புறப்பட்டார்கள்.

ஒருவர் விமானி ஆனால் ஒரு குடும்பம் நிமிரும். ஒருவர் நல்ல ஆசிரியர் ஆனால் அவர் கையால் எத்தனை பேர் நிமிர்வார்கள்! நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்களுக்குப் பறப்பதன் மேல் ஆசை எங்கே பிறந்தது? ஆரம்பப் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போய், பறவை எப்படிப் பறக்கிறது என்று காட்டிய அன்றுதான் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஆசிரியர் விமானம் ஓட்டியவர் அல்ல. சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர்.

அந்தத் தம்பிக்கு என்ன சொன்னோம்?

இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தத் தம்பியை மறுபடி அழைத்தோம். "ஏன் பயிற்றுநர் ஆக வேண்டும்?" என்று கேட்டோம். "மணிக்கணக்கு கூடும்" என்றார். உண்மையைத்தான் சொன்னார், அதற்காக அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிலோடு வலப்பக்க இருக்கையில் உட்காரக் கூடாது என்று எங்களுக்குப் பட்டது. "மூன்று மாதம் நம் மாலை நேர வகுப்பில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுங்கள், பிறகு பேசுவோம்" என்றோம்.

முதல் வாரம் கோபப்பட்டார். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை என்று புகார் சொன்னார். இரண்டாம் மாதம் புகார் நின்றது. மூன்றாம் மாத முடிவில் வந்து, "பாய், கடைசி வரிசையில் ஒரு பையன் இருக்கிறான். அவனுக்குப் புரியவைக்க நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நான்காவது தடவைதான் எனக்கே புரிந்தது" என்றார். அன்று குழு அவருடைய மனுவை எடுத்துக்கொண்டது.

ஜகாத் நிதியை இதற்குத் தொடவில்லை. அது யாருக்கு உரியது என்பதை ஆலிம்களிடம் கேட்டே செய்வது நம் வழக்கம். பொது நன்கொடையிலிருந்து அழகிய கடனாக, வட்டியில்லாமல், தவணையாகக் கொடுப்பது என்று முடிவானது. பணம் அவர் கைக்குப் போகாது, படிப்படியாகப் பயிற்சிக் கட்டணமாகப் போகும். வேலை கிடைத்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தத் தொகை அப்படியே பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குப் போகும். குழுவில் ஒரு பெரியவருக்கு இன்னமும் இதில் உடன்பாடு இல்லை. "திரும்பி வந்த பிறகு சொல்லுங்கள்" என்கிறார். அவர் சொல்வதையும் இந்த உரையில் பதிவு செய்கிறோம். பொதுப் பணத்தைக் கையாளும் இடத்தில் அப்படி ஒருவர் இருப்பது நல்லது.

மாணவச் செல்வங்களே, இந்தத் துறைக்கு வர ஆசை இருந்தால் முதலில் மருத்துவப் பரிசோதனை, பிறகு கணக்கும் இயற்பியலும், பிறகுதான் பணப் பேச்சு. உரிமம் வாங்கிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் பயிற்றுநர் பயிற்சிக்குப் போக நினைத்தால், அதற்கு முன் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு எதையாவது மூன்று மாதம் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். அதில் உங்களுக்கு நிம்மதி இருந்தால் எங்களிடம் வாருங்கள். பெற்றோர்களே, தோப்பை விற்பதற்கு முன், நகையை வைப்பதற்கு முன் வாருங்கள். விற்ற பிறகு வந்தால் ஆறுதல்தான் சொல்ல முடியும்.

அந்தத் தம்பி இப்போது பயிற்சியில் இருக்கிறார். வலப்பக்க இருக்கையில் இன்னும் தடுமாறுகிறாராம். அவருக்காகவும், நாளை அவர் கையை நம்பி ஏறப்போகும் பிள்ளைகளுக்காகவும் துஆ செய்யுங்கள்.